தோழியைப் பிரித்து வைக்காதீர்கள்

பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

நான் பதினோராம் வகுப்பு படித்தபோது என் கணக்கு நோட்டுக்குள் ஒரு கடிதம் அகப்பட்டது. பக்கத்து வகுப்புப் பையன் எழுதியது. ஆசிரியர் அதை வகுப்பு முழுக்கக் கேட்கும்படி வாசித்தார். அப்பா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. "எல்லாம் அவளோட சேர்க்கை" என்று சொல்லி அம்மா என் தோழியை வீட்டுக்கு வரவிடவில்லை. பள்ளியிலும் எங்களை வேறு வேறு பெஞ்சுக்கு மாற்றினார்கள். அந்தப் பையனின் முகம்கூட இப்போது சரியாக நினைவில்லை. தோழியை இழந்ததுதான் இன்னும் வலிக்கிறது. நான் அழுவதற்கு இருந்த ஒரே தோள் அவளுடையது.

கல்யாணமான பிறகு, "என்ன ஆச்சு?" என்று கணவர் எத்தனை முறை கேட்டாலும் "ஒண்ணுமில்ல" என்பேன். கோபம் வந்தால் கழுவிய பாத்திரத்தையே திரும்பத் தேய்ப்பேன். மனதில் இருப்பதைச் சொன்னால் யாராவது நாலு பேர் முன்னால் வாசித்துவிடுவார்கள் என்று 16 வயதில் பிடித்த பயம் அது. விடுபட எனக்குப் பல வருடங்கள் ஆயின, அவரும் பாவம், நிறையப் பொறுத்துக்கொண்டார்.

அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழக உளவியலாளர் ஜோசப் ஆலனும் குழுவினரும் 165 பேரை 13 வயதிலிருந்து 30 வயதுவரை தொடர்ந்து கவனித்து, 2019-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 27 வயதுக்குமேல் யாருடைய காதல் வாழ்க்கை நிறைவாக இருக்கும் என்பதை, பதின்வயதுக் காதலைவிட 16–18 வயதில் நெருங்கிய நட்பைப் பேணத் தெரிந்ததே நன்றாகக் காட்டியதாம். நாம் தண்டனை என்று முதலில் வெட்டுவது அந்த நட்பைத்தானே!

பெரியவர் யாராவது பிள்ளையை வற்புறுத்தினால் போக்சோ சட்டம் இருக்கிறது, குழந்தைகளுக்கான உதவி எண் 1098 இருக்கிறது, ஒரு நொடியும் தயங்காதீர்கள். நான் பேசுவது சமவயதுப் பிள்ளைகள் எழுதும் கடிதத்தைப் பற்றி. அதை மடித்து வைத்துவிட்டுத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். பிள்ளை அழுதால் "படிக்கிற வயசுல..." என்று தொடங்காமல் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்காருங்கள். அதற்குமேல் உதவி வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416 இருக்கிறது, கட்டணமில்லை.

அடுத்த கூட்டத்தில் கழிப்பறை, குடிநீர் எல்லாம் பேசி முடித்தபின் 10 நிமிடம் இதற்குக் கொடுங்கள். பிள்ளைகளிடம் அகப்படும் கடிதத்தை யார் முன்னாலும் வாசிப்பதில்லை, அதற்காக நண்பர்களைப் பிரிப்பதில்லை என்று தீர்மானம் எழுதுங்கள். முதல் கையெழுத்து நான் போடுகிறேன்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா