ஸ்னோபோர்டு கேமின் தரம் குறித்த புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: தரக்குறைவான ஸ்னோபோர்டு கேமுக்குப் பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்

வணக்கம்.

போன மாதம் உங்கள் ஸ்னோபோர்டு (பனிச்சறுக்குப் பலகை) கேமை முழு விலை கொடுத்து வாங்கினேன். சும்மா ஜாலிக்கு ஆடும் ஆர்கேட் கேம் இல்லை, நிஜம் போலவே இயங்கும் அசல் சிமுலேட்டர் என்று விளம்பரம் செய்திருந்தீர்கள். காட்சிகள் அழகுதான், குறை சொல்ல மாட்டேன். என் புகார் பலகையைப் பற்றியது.

ஸ்னோபோர்டு திரும்புவதே அதன் விளிம்பால்தான். கால்விரல் பக்கமோ குதிகால் பக்கமோ சாய்ந்தால் அந்த விளிம்பு பனியைக் கடித்து வளையும். சரிவின் கீழ்ப்பக்க விளிம்பு தப்பித்தவறிப் பனியில் மாட்டினால் ஆளைத் தூக்கி அடித்துவிடும். உங்கள் கேமில் ஸ்டிக்கைத் தள்ளினால் பலகை கார் மாதிரி திரும்புகிறது, அவ்வளவுதான். புதுப்பனியிலும் இறுகிய ஐஸிலும் ஒரே பிடி. 1998இல் நின்டெண்டோ 64இல் வந்த '1080 ஸ்னோபோர்டிங்'கூடப் பலகையை நேராக்கி இறங்காதவனைக் கீழே தள்ளியது. இங்கே குறுக்காக இறங்கினாலும் புள்ளி ஏறுகிறது! எஸ்எஸ்எக்ஸ் ஸ்னோபோர்டு கேம்கள் போல ஜாலியான ஆர்கேட் என்று சொல்லி விற்றிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். 2003இல் வந்த எஸ்எஸ்எக்ஸ் 3-ஐ இன்றும் ஆசையாக ஆடுகிறவன் நான்.

அடுத்தது, காற்றில் பறக்கும்போது பலகையைக் கையால் பிடிக்கும் வித்தைகளில் ஒன்றான இண்டி கிராப். பின்கால் பக்கத்துக் கையால், இரு கால்களுக்கும் நடுவே, கால்விரல் பக்க விளிம்பைப் பிடிப்பதுதான் இண்டி. இடக்கால் முன்னிருக்கும் ரெகுலர் நிலையில் உங்கள் வீரர் முன்கால் பக்கத்துக் கையால் பிடிக்கிறார். அதற்குப் பெயர் மியூட். வலக்கால் முன்னிருக்கும் கூஃபி நிலையில் மட்டும் சரியாக வருகிறது. ஒரு பக்கத்துக்குச் செய்த அசைவை மறுபக்கத்துக்கு மாற்றாமலே விட்டுவிட்டீர்கள் என்று தெரிகிறது.

இருபுறமும் பனிச்சுவர் எழும்பும் U வடிவப் பள்ளமான ஹாஃப்பைப்பிலும் கோளாறு. வழக்கமான கால் முன்னிருக்க ஏறி 540 டிகிரி, அதாவது ஒன்றரைச் சுற்று சுற்றினால், சுவரிலிருந்து திரும்பி வருவதால், அதே கால் முன்னிருக்கவே இறங்குவார்கள். சாதாரண ஜம்பில்தான் அது ஸ்விட்ச், அதாவது மறுகால் முன்னிருக்க இறங்குவது. உங்கள் கேம் இரண்டையும் ஸ்விட்ச் என்றே கணக்கெழுதுகிறது.

பணத்தைத் திருப்பிக் கேட்டால், இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆடிவிட்டீர்கள் என்று மறுக்கிறார்கள். ஹாஃப்பைப் திறக்கவே அதைவிட அதிக நேரம் ஆகிறதே, அப்புறம் எப்படிச் சோதித்துப் பார்ப்பது?

எனக்கு முழுத் தொகையும் வேண்டும். அடுத்த அப்டேட்டில் சரியாகிவிடும் என்ற பதில் வேண்டாம். முதல் கடிதத்துக்கே அதைச் சொல்லிவிட்டீர்கள். ரசீதும், மேலே சொன்ன கோளாறுகளின் வீடியோ பதிவும் இணைத்திருக்கிறேன். 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்