விருந்தினரை எடுத்தது காணும், ஓடுற பிள்ளையை எடுக்கிற லென்ஸை வாங்குவம்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நான் விசுவமடுப் பக்கம் ஒரு ஸ்டூடியோவில வேலை செய்யிறன். கலியாணவீடு, சாமத்தியவீடு எண்டு கமரா தூக்கத் தொடங்கி 14 வருசமாகுது, தை பிறந்தா பங்குனி முடியும் வரைக்கும் அக்கம்பக்கத்துப் பள்ளிக்கூடங்களின்ட இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கும் போறனான். உங்கட பேப்பர் எங்கட கடைக்கு ஒவ்வொரு நாளும் வரும். இந்த மூண்டு மாசமும் நீங்கள் போட்ட விளையாட்டுப்போட்டிப் படங்களை ஒண்டும் விடாமப் பாத்தன், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் எண்டு வன்னி முழுக்க வந்திருக்கு, அது சந்தோசம். ஆனா படத்தில இருக்கிறது ஆர் எண்டு பாருங்கோ. பாண்ட் முன்னுக்குப் போக விருந்தினரைக் கூட்டிக்கொண்டு வருகினம், விருந்தினர் கொடி ஏத்துறார், அணிநடை மரியாதை ஏற்கிறார், கடைசியில கேடயம் குடுக்கிறார். ஓடுற பிள்ளை ஒண்டையும் காணேல்லை. உயரம் பாயிற பிள்ளை இல்லை, ஈட்டி எறியிற பிள்ளை இல்லை, கோல் மாத்துற கை இல்லை.

உங்களைக் குறை சொல்ல இதை எழுதேல்லை ஐயா. நாங்கள் அனுப்புறதைத்தானே நீங்கள் போடுவியள். எங்களிட்டயே அந்தப் படம் இல்லை, ஏனெண்டா எங்கட கையில இருக்கிறது கலியாணவீட்டு லென்ஸ். கமராவோட வந்த 18-55, கொஞ்சம் வசதியான ஆக்களிட்ட 24-70 (இது மில்லிமீற்றர் கணக்கு, நம்பர் கூடக் கூட தூரத்தைக் கிட்ட இழுக்கும்). மணவறையில இருக்கிற மாப்பிள்ளை பொம்பிளைக்கு அது காணும், பந்தலுக்குக் கீழ ரெண்டு மீற்றரில நிக்கிற விருந்தினருக்கும் காணும். ஓடுபாதைக்குள்ள போய் நிக்க எங்களை விடமாட்டினம், விடவும் கூடாது. அப்ப பிள்ளை 20 மீற்றருக்கு அங்கால ஓடுது. எங்களிட்ட இருக்கிற சாதாரண க்ராப் கமராவில, அதாவது உள்ளுக்கு இருக்கிற சென்சர் சின்னனான கமராவில, 50 எம்எம் போட்டு கமராவை நெடுக்காப் பிடிச்சாலும் 20 மீற்றரில கிட்டத்தட்ட 9 மீற்றர் உயரம் ஃப்ரேமுக்குள்ள வந்திடும், ஒன்டரை மீற்றர் உயரமான பிள்ளை அதுக்குள்ள எறும்பு மாதிரித்தான் தெரியும். 200 எம்எம் போட்டா ரெண்டேகால் மீற்றர்தான் வரும், பிள்ளை ஃப்ரேம் நிறைய நிக்கும், முகம் தெரியும், பல்லைக் கடிச்சுக்கொண்டு வாறது தெரியும். கெட்டித்தனம் எல்லாம் இதுக்குப் பேந்துதான்.

தூரத்தை இழுத்தா மட்டும் காணாது எண்டதை நான் படிச்சது போன வருசம் மாசியில. பள்ளிக்கூடத்தின்ட பேர் வேண்டாம். ஒன்டரைக்குத் தொடங்கவேண்டிய போட்டி, விருந்தினர் வந்து சேர மூண்டு மணி. எல்லாம் பிந்திப் பிந்தி பெண்பிள்ளையளின்ட 4 தர 100 அஞ்சலோட்டம் ஆறு மணிக்குப் பிறகுதான் தொடங்கினது, மாசியில எங்கட பக்கம் ஆறேகால் ஆறரைக்குள்ள பொழுது பட்டிடும். என்னட்ட இருந்தது கேனன் 55-250, இழுத்தா எஃப் 5.6 தான் ஆகக்கூடத் திறக்கும், வெளிச்சம் குறைவாத்தான் உள்ள வரும். குறைஞ்ச வெளிச்சத்தில எடுக்கக் கூட்டிற ஐஎஸ்ஓவை 6400 க்குக் கொண்டுபோயும் ஷட்டர் வேகம் 1/125 செக்கனுக்கு மேல ஏறேல்லை. கடைசிக் கோலை வாங்கின பிள்ளை மூண்டாவதா வந்தது, வெறுங்கால், வளைவு முடியிற இடத்தில ஒராளைத் தாண்டி, நூல் கட்டின இடத்துக்கு அஞ்சாறு அடி முன்னால மற்றாளையும் தாண்டிச்சுது. கிரவுண்ட் முழுக்க எழும்பி நிண்டது. நான் பதினஞ்சு கிளிக் அடிச்சன், கமராவின்ட சின்னத் திரையில பாக்க எல்லாம் வடிவாத்தான் தெரிஞ்சது. இரவு கொம்பியூட்டரில போட்டுப் பாத்தா ஒண்டும் சரியில்லை. அந்தப் பிள்ளை செக்கனுக்கு 7 மீற்றர் வேகத்தில ஓடியிருந்தா 1/125 இல ஷட்டர் திறந்து மூடுறதுக்குள்ளயே 5, 6 சென்ரிமீற்றர் நகர்ந்திடும், கையில இருந்த கோல் புகை மாதிரி இழுபட்டுக் கிடந்தது, கண் எங்க மூக்கு எங்க எண்டு தெரியேல்லை. 1/1000 எண்டா ஒரு சென்ரிமீற்றரும் நகராது.

மற்ற நாள் காலமை அந்தப் பிள்ளையின்ட அம்மா சைக்கிளில கடைக்கு வந்தவா. "தம்பி, என்ட பிள்ளை ஓடினது இருக்கோ?" எண்டு கேட்டவா. இருந்தது பரிசு வாங்கின படம், அதிலயும் விருந்தினற்ற தோள் பிள்ளையின்ட பாதி முகத்தை மறைச்சுக்கொண்டு நிக்குது. அதைத்தான் பிரிண்ட் எடுத்துக் குடுத்தன், காசு வாங்க மனம் வரேல்லை.

என்ட அக்கா 2006 இல 800 மீற்றரில முதலாவதா வந்தவா. அவ ஓடுற படம் ஒண்டு எங்கட வீட்டில இருந்தது, 2009 இல கடைசிச் சண்டை நேரம் மாத்தளன் பக்கம் சூட்கேசோட விட்டிட்டு வந்தாச்சு. எங்கட ஊரில கனபேற்ற வீட்டு அல்பம் 2010 க்குப் பிறகுதான் தொடங்குது ஐயா. அதாலதான் இந்தப் படம் எனக்கு சும்மா படம் இல்லை, அந்த அம்மாவுக்கும் இல்லை.

இனி லென்ஸுக்கு வாறன். எஃப் நம்பர் சின்னனாக ஆக லென்ஸின்ட வாய் பெரிசு, வெளிச்சம் கூட வரும். எஃப் 5.6 ஐ விட எஃப் 2.8 நாலு மடங்கு வெளிச்சம் விடும், எஃப் 1.8 கிட்டத்தட்ட பத்து மடங்கு. அண்டைக்கு அந்தப் பின்னேரம் எனக்கு 1/125 கிடைச்ச இடத்தில 2.8 லென்ஸ் இருந்திருந்தா 1/500, 85 எம்எம் எஃப் 1.8 இருந்திருந்தா 1/1000 ஐயும் தாண்டியிருக்கும். கமரா அதேதான், நேரம் அதேதான், லென்ஸ் மட்டும்தான் வேற.

அதுக்காக 55-250 ஐ குப்பையில போடச் சொல்லேல்லை. மத்தியானம் ரெண்டு மணிக்கு எங்கட வெயில் எறிக்கிற எறிப்புக்கு எஃப் 5.6 இலயே ஐஎஸ்ஓ 200 வைச்சா 1/1600 வரும், நீளம் பாய்தல், குண்டு போடுதல், 100 மீற்றர் ஹீற்ஸ் எல்லாம் அதில திறமா எடுக்கலாம், 400 கிராமும் இல்லாத பாரம், விலையும் குறைவு. நிக்கோன் வைச்சிருக்கிறாக்களுக்கு 70-300. புதுசாத் தொடங்கிற பெடியளுக்கு நான் முதல் சொல்லுறது இதைத்தான். பிரச்சினை என்னண்டா எங்கட போட்டியளில பெரிய ஓட்டங்கள் எல்லாம் கடைசியிலதான், அஞ்சலோட்டமும் கயிறிழுத்தலும் வரேக்க வெயில் போயிடும். விளையாட்டு ஆசிரியர்மாரிட்ட ஒரு வேண்டுகோள், விருந்தினர் பிந்தினாலும் பிள்ளையளின்ட ஓட்டத்தை நேரத்துக்கு நடத்துங்கோ. அஞ்சு மணிக்கு அஞ்சலோட்டம் நடந்தா வன்னியில இருக்கிற எல்லாச் சின்ன லென்ஸும் வேலை செய்யும், அதுக்கு ஒரு சதமும் செலவில்லை.

அது ஏலாட்டி, ஒராள் தனிய வாங்கக்கூடியது பாவிச்ச 85 எம்எம் எஃப் 1.8. கேனனிலயும் இருக்கு, நிக்கோனிலயும் இருக்கு, க்ராப் கமராவில போட்டா 130 எம்எம் அளவுக்கு இழுத்தது மாதிரி நிக்கும். சூம் இல்லை, அதால முதலே இடம் பாத்து நிக்கவேணும், நான் முடிவுக்கோட்டுக்கு அங்கால 10, 12 மீற்றர் தள்ளி, வெளிப்பக்கமா, முழங்காலில இருப்பன், பிள்ளை நேர என்னட்ட வாற மாதிரி வரும். 10 மீற்றரில எஃப் 1.8 திறந்தா ஒரு மீற்றர் அளவு ஆழம்தான் கிளியரா இருக்கும், அதனால ஃபோகஸை ஒரு தரம் பூட்டிற முறையில விடாம கேனன் எண்டா ஏஐ சேர்வோ, நிக்கோன் எண்டா ஏஎஃப்-சி யில வைச்சு பிள்ளையோடயே கமராவை இழுத்துக்கொண்டு வரவேணும். இரவில மின்னொளியில நடக்கிற கரப்பந்துக்கும் இதே லென்ஸ்தான், அந்த லைட்டுக்கு 5.6 ஓட போய் நிண்டு பிரயோசனமில்லை.

எல்லாத்துக்கும் மேலான சாமான் 70-200 எஃப் 2.8. புதுசு லட்சக்கணக்கில, எங்களால ஏலாது. ஆனா ரெண்டு மூண்டு ஸ்டூடியோக்காரர் சேர்ந்து, இல்லாட்டி பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சங்கம் பழசு ஒண்டு வாங்கலாம். ஆட்டம் தடுக்கிற ஐஎஸ் எண்டிறது இல்லாத கேனனின்ட பழைய மொடல் இன்னும் மலிவு, அதைப் பாத்துப் பயப்பிடத் தேவையில்லை, அது எங்கட கை நடுங்கிறதைத்தான் தடுக்கும், பிள்ளை ஓடுறதை நிப்பாட்டாது, 1/1000 இல எடுக்கேக்க அது இல்லாட்டியும் ஒண்டும் குறையாது. சிக்மா, டம்ரோன் செய்யிற 70-200 எஃப் 2.8 உம் இருக்கு. ஒன்டரைக் கிலோ வரும், நாலு மணித்தியாலம் தூக்கினா தோள் கழண்டிடும், ஒற்றைக்கால் ஸ்டாண்ட் ஒண்டு கட்டாயம். கிட்டப் போதாட்டி 2 எக்ஸ் கன்வேட்டர் போடலாம் எண்டு சொல்லுவினம், அது வெளிச்சத்தில நாலில ஒரு பங்கைத்தான் விடும், 2.8 லென்ஸ் 5.6 ஆகிடும், பின்னேரத்துக்கு அது வேண்டாம்.

வெளிநாட்டில இருந்து உதவி செய்யிற அண்ணைமார் அக்காமாருக்கு இதைச் சொல்லத்தான் முக்கியமா எழுத வெளிக்கிட்டனான். நீங்கள் நல்ல மனசோட புதுக் கமரா வாங்கி அனுப்புறியள், பொடிக்கு, அதாவது லென்ஸ் இல்லாத வெறும் கமராவுக்கு, காசு முழுக்கப் போயிடுது, லென்ஸ் அதோட வந்த சின்னது. பத்து வருசப் பழைய பொடியும் நல்ல லென்ஸும் எண்டா ஓட்டம் எடுக்கலாம், புதுப் பொடியும் 18-55 உம் எண்டா திரும்ப விருந்தினரைத்தான் எடுக்கலாம். லென்ஸ் அனுப்ப முதல் அங்க என்ன பொடி இருக்கு எண்டு ஒருக்கா போன் பண்ணிக் கேளுங்கோ. ஒரு பள்ளிக்கூடத்து ஊடகக் கழகப் பிள்ளையள் காசு சேர்த்து நிக்கோனின்ட ஏஎஃப்-டி லென்ஸ் ஒண்டு பழசா வாங்கிக்கொண்டு என்னட்ட வந்தவை, அவையளிட்ட இருந்தது நிக்கோன் டி 5300. அந்த 3000, 5000 வரிசைப் பொடியளுக்குள்ள லென்ஸைத் திருப்பிற மோட்டர் இல்லை, ஏஎஃப்-டி லென்ஸுக்குள்ளயும் இல்லை, ஓட்டோ ஃபோகஸ் வேலை செய்யாது, கையாலதான் திருப்பவேணும், ஓடுற பிள்ளையைக் கையால திருப்பிப் பிடிக்கிறது சரியான கஷ்டம். வித்த ஆள் அதைச் சொல்லேல்லை. ஏஎஃப்-எஸ் எண்டு எழுதியிருக்கோ எண்டு பாத்து வாங்கியிருந்தா அந்தப் பிள்ளையளின்ட காசு வீண்போயிருக்காது.

பழசு வாங்கேக்க போன் டோர்ச்சை பின்பக்கத்தால அடிச்சு முன்னால பாருங்கோ, கண்ணாடிக்குள்ள சிலந்தி வலை மாதிரி வெள்ளையாத் தெரிஞ்சா அது பங்கஸ், விட்டிட்டு வாங்கோ. எங்கட மாரி மழைக்கு ஐப்பசியில இருந்து மார்கழி வரைக்கும் லென்ஸை அலுமாரிக்குள்ள துணி உடுப்போட வைச்சா நல்ல லென்ஸிலயும் அது பிடிக்கும், காத்துப் போகாத பிளாஸ்ரிக் பெட்டியில சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கோ. அரிசிக்குள்ள வைக்கிற ஆக்களும் இருக்கினம், தவிடு போய் சூம் வளையத்துக்குள்ள இருந்திடும். கிரவுண்டில நிண்டு லென்ஸ் மாத்தவும் வேண்டாம், எங்கட செம்மண் புழுதி சென்சரில ஒட்டினா அண்டைய படம் முழுக்கப் புள்ளி.

இன்னொண்டு, இது லென்ஸ் கதை இல்லை, ஆனா பெரிய லென்ஸ் கையில வந்தா கட்டாயம் யோசிக்கவேண்டியது. தூரத்தில நிண்டு எடுக்கிறது பிள்ளைக்குத் தெரியாது. நீளம் பாஞ்சு மணலில விழுந்து எழும்பிற பெண்பிள்ளையின்ட படம் சிலது வெளியில குடுக்கக்கூடாத மாதிரி வரும், அதை நான் அங்கயே நிண்டு அழிச்சுப்போடுவன். தோத்து அழுகிற பிள்ளையை முகத்துக்குக் கிட்ட இழுத்து எடுக்கிறதும் இல்லை. பேஸ்புக்கில போட முதல் அதிபரிட்டயும் தாய் தகப்பனிட்டயும் ஒரு சொல்லுக் கேக்கவேணும்.

இந்த வருசம் நாங்கள் மூண்டு பேர் சீட்டுப் பிடிச்சு பழைய 70-200 எஃப் 2.8 ஒண்டு வாங்கியிருக்கிறம், முறை வைச்சுப் பாவிக்கிறம். அந்தப் பிள்ளை வாற தை மாசம் திரும்ப ஓடும், கடைசிக் கோல் அவதான் எண்டு அம்மா சொன்னவா. படத்தை உங்களுக்கு அனுப்பிவைப்பன் ஐயா, விருந்தினற்ற படத்துக்குப் பக்கத்தில, சின்னனா எண்டாலும் பரவாயில்லை, ஒரு இடம் விட்டு வையுங்கோ.

இப்படிக்கு,
ஒரு போட்டோக்காரன்,
விசுவமடு.