பழைய கணினியைத் தூக்கிப் போட வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, பழைய கணினி வைத்திருப்பவர்கள் புதியது வாங்கிவிடுவதே நல்லது என்று தங்கள் நாளிதழில் எழுதியிருந்தீர்கள். பாதுகாப்புத் திருத்தங்கள் வராத கணினியில் வங்கிக் கணக்கைத் திறக்கக் கூடாது என்று சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் புதியது வாங்குவதைத் தவிர வேறு வழியே இல்லை என்பதுபோல் முடித்ததை என்னால் ஏற்க முடியவில்லை. நான் நிரல் எழுதிச் சம்பாதிக்கிறவள். அந்தச் சம்பாத்தியம் முழுக்க ஒரு பழைய மடிக்கணினியில்தான் நடக்கிறது.

என்னுடையது 2015-இல் வந்த திங்க்பேட் டி450. சென்னை ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டாக வாங்கினேன். உள்ளே இருப்பது இன்டெலின் ஐந்தாம் தலைமுறை ஐ5 ப்ராசஸர். விண்டோஸ் 11-க்கோ எட்டாம் தலைமுறையாவது வேண்டும். விண்டோஸ் 11 ஏற்கும் கணினிகளின் பட்டியலில் என்னுடையது இல்லாததற்கு அது ஒரு முக்கியக் காரணம். கீபோர்டில் ஒரு பொத்தான்கூட இன்றுவரை மக்கர் செய்ததில்லை. இந்த மாடலைத் திறப்பது எளிது. முதலில் பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரையில்) போய் உள் பேட்டரியை அணைத்துவிட வேண்டும். அப்புறம் பின்பக்க பேட்டரியைக் கழற்றிவிட்டு, அடிமூடியின் திருகுகளைத் தளர்த்தினால் போதும். திருகுகள் மூடியோடே தங்கிவிடும், தொலையாது. ஓரத்தில் பழைய ஏ.டி.எம் அட்டையை விட்டு மெதுவாக நெம்பினால் மூடி வந்துவிடும். ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு, சுழலும் பாகம் இல்லாத வேகமான சேமிப்பகமான எஸ்.எஸ்.டி போட்டேன், ராம் என்னும் நினைவகத்தை 16 ஜி.பி. ஆக்கினேன். பழைய கணினி மந்தமாக இருப்பதற்குப் பெரும்பாலும் ப்ராசஸர் காரணமில்லை. அந்தச் சுழலும் ஹார்டு டிஸ்க்தான் காரணம். அதை மாற்றியவர்களுக்கு இது தெரியும்.

அதில் விண்டோஸுக்குப் பதிலாக டெபியன் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டிருக்கிறேன். 1993-இல் தொடங்கி இன்றுவரை தன்னார்வலர்கள் நடத்திவரும் திட்டம் அது. காசு கொடுக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பதிப்புக்கும் ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். மருத்துவமனைகளின் பரிசோதனைக் கூடங்களுக்கான பில்லிங் மென்பொருள் எழுதுவது என் வேலை. பைத்தான் நிரல்மொழி, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட், நிரல் எழுதுவதற்கு விம், இவ்வளவுதான் நாள் முழுக்க ஓடும். இவை எல்லாம் சேர்ந்து கேட்கும் நினைவகத்தைவிட உலாவியில் திறந்துகிடக்கும் பக்கங்கள் கேட்பதுதான் அதிகம்.

வேலை முடிந்த பிறகும் அதே கணினிதான். குகேஷ் 2024-இல் உலக சாம்பியன் ஆனதிலிருந்து அக்கா மகனுக்குச் சதுரங்கப் பைத்தியம். லீச்செஸ் தளத்தில் இருவரும் ஆடுவோம். விளம்பரம் கிடையாது, கட்டணம் கிடையாது. ஆட்டம் முடிந்ததும் எங்கே பிசகினோம் என்று ஸ்டாக்ஃபிஷ் என்ற சதுரங்க நிரல் காட்டிக்கொடுக்கும். அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். அவருடைய டெஸ்க்டாப் என்னுடையதைவிடப் பழையது. அதில் லினக்ஸ் மின்ட் என்ற இன்னொரு லினக்ஸின் எளிய கணினிக்கேற்ற எக்ஸ்.எஃப்.சி.இ பதிப்பைப் போட்டுக்கொடுத்தேன்; 4 ஜி.பி. ராமிலேயே சிரமமில்லாமல் ஓடுகிறது. தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சு செய்கிறார், மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தில் சங்க நூல்களை இறக்கிப் படிக்கிறார், வி.எல்.சி-யில் பழைய பாட்டு கேட்கிறார். கணினியில் மாறியிருப்பது என்னவென்று இரண்டு நாள் கேட்டார், அவ்வளவுதான்.

எல்லோருக்கும் இது ஒத்துவராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். டேலியில் கணக்கு எழுதுகிறவர்களும் டிஜிட்டல் கையொப்பக் கருவி வைத்து வரிக்கணக்கு தாக்கல் செய்கிறவர்களும் விண்டோஸிலேயே இருப்பது நல்லது. சில பிரிண்டர்கள் லினக்ஸில் முரண்டு பிடிக்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் ஆவணங்களைக் குவித்து வைத்திருப்பவர்கள் முதலில் அவற்றை இப்போது பொதுவாகப் பயன்படும் யூனிகோடு எழுத்துமுறைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். உடனே மாற முடியாதவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் 2026 அக்டோபர் 13 வரை விண்டோஸ் 10-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தரும் நீட்டிப்புத் திட்டம் ஒன்று தந்திருக்கிறது. அதைக்கூடத் தங்கள் கட்டுரை சொல்லவில்லை.

எனக்குப் பெரிய கவலை வேறொன்று. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த கணினிகள் எங்கள் ஊரில் பல வீடுகளின் பரணில் கிடக்கின்றன. அவற்றில் சிலவற்றில் மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் கூடவே வந்தது. அதை யாரும் பிள்ளைகளுக்குத் திறந்து காட்டவில்லை என்பதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான். அவற்றைப் பழைய இரும்போடு எடைக்குப் போடுவதற்கு முன், கல்லூரிகளின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் வட்டார நூலகத்தில் ஒரு முகாம் நடத்தலாம். ஒரு பென் டிரைவ், ஓர் எஸ்.எஸ்.டி, ஒரு மணி நேரம் போதும். பேட்டரி உப்பிப்போனவற்றையும் உயிர்வராதவற்றையும் மட்டும் மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுத்துவிடலாம்.

பென் டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டிப் பார்க்கலாம், உள்ளே இருக்கும் விண்டோஸுக்கு எதுவும் ஆகாது. வை-ஃபை, ஒலி, பிரிண்டர் எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகு நிறுவினால் போதும். இதைப் படிப்படியாகப் படங்களோடு விளக்கித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியிட வேண்டுகிறேன். எழுதிக்கொடுக்க நான் தயார்.

இப்படிக்கு,
மென்பொருள் பணியாளர் ஒருவர்,
பாளையங்கோட்டை.