ஓர் எண்ணிக்கையை அச்சிடுமுன் அதை அளந்த விதத்தையும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தேக்கா கடைகளில் குளுட்டாதயோன் மாத்திரையும் பீட்ரூட் பொடியும் அடுத்தடுத்து இருக்கின்றன. குளுட்டாதயோன் என்பது கந்தகம் உள்ள தயோல் வகைச் சேர்மம்; பீட்ரூட்டில் இருக்கும் நைட்ரேட்டிலிருந்து உடம்பு நைட்ரிக் ஆக்சைடைத் தயாரிக்கும். இரண்டையும் சாப்பிட்டால், இவை சேர்ந்து உண்டாகும் நைட்ரோசோதயோல் என்ற சேர்மம் ரத்தத்தில் லிட்டருக்கு இத்தனை மைக்ரோமோல் ஏறும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம் ஆட்கள் அப்படியே நம்புகிறார்கள். நைட்ரிக் ஆக்சைடு ரத்தக் குழாயைத் தளர்த்தும் என்பது உண்மைதான், அந்தக் கண்டுபிடிப்புக்கு 1998ல் நோபல் பரிசே கிடைத்தது. ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் எனக்கு உறுத்துவது அந்த எண்தான்.

முதலில், நைட்ரிக் ஆக்சைடும் குளுட்டாதயோனும் பார்த்தவுடன் ஒட்டிக்கொள்வதில்லை. நடுவில் ஆக்சிஜனோ, எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளும் வேறொன்றோ வேண்டும். ஆக்சிஜன் வழியில் நைட்ரிக் ஆக்சைடு பாதியாகக் குறைந்தால் வேகம் நாலில் ஒன்றாகிவிடும். உடம்பில் நைட்ரிக் ஆக்சைடு இருப்பதோ மிகக் கொஞ்சம். ஆகவே குடுவையில் நிறைய வாயுவை விட்டுப் பார்த்த கணக்கை உடம்புக்கு அப்படியே போட முடியாது. சிலிண்டர் வாயுவில் நைட்ரஜன் டை ஆக்சைடு கலந்திருந்தால் இன்னும் மோசம், காரக் கரைசலில் கழுவாமல் விட்டால் அந்தக் கலப்படமே குளுட்டாதயோனோடு வினைபுரிந்துவிடும்.

அளப்பதிலும் சிக்கல் உண்டு. 1958ல் சாவில் (Saville) என்பவர் சொன்ன முறையில் பாதரச அயனி சேர்த்து நைட்ரோசோதயோலை உடைத்து, அதில் வெளிவரும் நைட்ரைட் சாய வேதிப்பொருள்களோடு சேர்ந்து தரும் இளஞ்சிவப்புச் சாயத்தை 540 நானோமீட்டர் அலைநீளத்துக்கு அருகே படிக்கிறோம். ஆனால் ரத்தத்தில் ஏற்கெனவே நைட்ரைட் இருக்கிறதே! அமிலம் பட்டதும் அது குளுட்டாதயோனைப் பிடித்துக்கொண்டு, மாதிரியில் இல்லாத நைட்ரோசோதயோலைக் குழாய்க்குள்ளேயே உண்டாக்கிவிடும். அதனால் ரத்தம் எடுத்த கையோடு என்-எத்தில்மலீமைடு என்ற வேதிப்பொருளைப் போட்டு, குளுட்டாதயோன் போன்ற தயோல்கள் வினைபுரியாதபடி அடைக்க வேண்டும், அப்புறம்தான் சல்பனிலமைடும் அமிலமும் சேர்த்து நைட்ரைட்டைத் தீர்க்க வேண்டும். செம்பு அயனி துளி அளவுக்கு இருந்தாலும் நைட்ரோசோதயோல் சிதையும் என்பதால் செம்பைப் பிடித்துவைக்கும் இடிடிஏ (EDTA) வேண்டும், வெளிச்சமும் ஆகாது, குழாயில் அலுமினியத் தாளைச் சுற்றி வைப்போம். இதில் ஒன்று தவறினாலும் எண் கூடும் அல்லது குறையும். மனித பிளாஸ்மாவில் (ரத்தத்தின் திரவப் பகுதி) லிட்டருக்குச் சில நானோமோல் முதல் பல மைக்ரோமோல் வரை, ஆயிரம் மடங்கு வித்தியாசத்தில் முடிவுகள் வெளியாகியிருப்பதற்கு இது பெரிய காரணம்.

அதனால் உங்கள் நலவாழ்வுப் பக்கத்தில் இப்படி ஓர் எண் வந்தால், தயோலை எப்போது அடைத்தார்கள், பாதரசம் சேர்க்காத மாதிரியையும் கூடவே அளந்தார்களா (அதைக் கழித்தால்தான் நைட்ரோசோதயோலின் பங்கு தெரியும்) என்று எழுதுபவரிடம் கேட்டுவிட்டு அச்சிடுங்கள். பதில் இல்லையென்றால் எண்ணை விட்டுவிடலாம். அதை நம்பித்தான் வயதானவர்கள் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

இப்படிக்கு,
ஆய்வுக்கூடப் பணியாளர், ஈசூன்