ஒரு கையால் மாற்றச் சொல்

அன்பு மகளுக்கு,

இரண்டு வாரமாக உன் குரலே கேட்கவில்லை. தாள் திருத்துகிறேன் என்று அம்மாவிடம் சொன்னாயாம். மார்க் எப்படி என்று நான் கேட்கப்போவதில்லை.

வரலாறும் இலக்கியமும் படிக்கிற பிள்ளைகளுக்குக் கணிமைச் சிந்தனை எடுக்கிறாய், ஒரு வேலையைக் கணினியும் செய்யும்படி படிப்படியாகப் பிரித்து யோசிக்கும் பாடம். முதல் வாரமே பைத்தான் நிரல்மொழியைத் திறக்காதே. போன தடவையும் சொன்னேன். அடைப்புக்குறி தேடுவதிலேயே அவர்களுக்கு மூச்சு வாங்கிவிடும், யோசிக்கத் தெம்பு இருக்காது. எட்டு அட்டையில் எண் எழுதிக் கவிழ்த்து வை. வரிசைப்படுத்தும் வழியை ஒருவர் எழுதட்டும், இன்னொருவர் எழுதியபடி அப்படியே செய்யட்டும். ஒரு நேரத்தில் இரண்டு அட்டைதான் திருப்பலாம். எழுதியவர் வாய் திறக்கக் கூடாது, இதில் மட்டும் இளகிவிடாதே. "சின்னதை முன்னால் வை" என்று எழுதியிருப்பார்கள். எதைவிடச் சின்னது? செய்கிறவர் கை அங்கேயே நின்றுவிடும். அந்த வரியை அவர்களே திருத்தட்டும்.

ஒவ்வொரு சுற்றிலும் மிகச் சிறியதைத் தேடி எடுத்தால் 7+6+5 என்று இறங்கி மொத்தம் 28 ஒப்பீடு. 16 அட்டைக்கு எவ்வளவு என்று முதலில் ஊகிக்கச் சொல். 56 என்பார்கள். எண்ணிப் பார்த்தால் 120.

பிறகுதான் நிரல். அ = 5, ஆ = 8 என்று வைத்து, இரண்டையும் இடம் மாற்ற அ = ஆ, ஆ = அ என்று அடுத்தடுத்து எழுது. இடம் மாறிவிட்டது என்று பலர் சொல்வார்கள். இரண்டிலும் 8தான் இருக்கும். முதல் வரியிலேயே 5 அழிந்துவிட்டது. பள்ளிக்கூடத்துச் சமக்குறி வேறு, இது வேறு; இங்கே வலப்பக்கத்து மதிப்பை இடப்பக்கத்தில் போடு என்று பொருள். அட்டையை இரண்டு கையாலும் மாற்றிப் பழகியதும் ஒரு காரணம். ஒரு கையால் மட்டும் மாற்றச் சொல், ஓர் இடத்தில் ஓர் அட்டைதான் இருக்கலாம். காலியிடம் ஒன்று வேண்டும் என்று அவர்களே கேட்பார்கள். நிரலில் அ, ஆ போல மதிப்பை வைக்கும் பெயர்தான் மாறி; மூன்றாவது மாறி அந்தக் காலியிடம்தான்.

கணிமைச் சிந்தனை எல்லோருக்கும் வேண்டிய திறன் என்று 2006-இல் கணினி அறிவியலாளர் ஜீனெட் விங் எழுதினார். அதை என் மகள் வகுப்பில் நடத்துகிறாள் என்று பார்க்கிறவரிடமெல்லாம் சொல்கிறேன். நீயோ அறுபது ஸ்லைடைக் காட்டிவிட்டு வந்து தூங்காமல் கிடக்கிறாய்.

தப்பான விடையைப் பார்த்ததும் திருத்தாதே. "எப்படி யோசித்தாய்?" என்று முதலில் கேள். அந்தக் கேள்வியை நான் உன்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை, மகளே. சிவப்பு மையால் அடித்து, சரியானதை நானே எழுதிக் கொடுத்துவிடுவேன். நீ இப்போது என்னிடம் எதையும் சொல்லாமல் இருப்பது அதனால்தானோ என்று ராத்திரியெல்லாம் தோன்றுகிறது.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. அந்தப் பிள்ளைகள் எழுதியதை எனக்குப் படித்துக் காட்டு. குறுக்கே பேச மாட்டேன்.

அப்பா