பத்தாம் பாகத்தோடு நிறுத்திவிடாதே

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மா எழுந்து நடமாட ஆரம்பித்துவிட்டார்கள் என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. நான் விசாரித்ததாகச் சொல். இங்கே எல்லோரும் சௌக்கியம். மகளுக்குப் பரீட்சை முடிந்துவிட்டது, நாள் முழுக்கக் கையில் புத்தகம்தான். என்ன புத்தகம் என்று பிறகு சொல்கிறேன், உன் கடிதத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கிறது.

முதலில் உன் கோபத்துக்கு வருகிறேன். அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் ஜோர்டனை இப்படித் திட்டித் தீர்த்திருக்கிறாயே! அவருடைய ‘வீல் ஆஃப் டைம்’ என்கிற மாயாஜாலக் கதைத் தொடரில் ஒன்பது பாகங்களை ஆசை ஆசையாகப் படித்துவிட்டு, பத்தாவதான ‘கிராஸ்ரோட்ஸ் ஆஃப் ட்விலைட்’டில் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறாய். அறுநூறு பக்கத்துக்கு மேல் படித்தும் கதை ஓர் அடி நகரவில்லை, இதோடு விட்டுவிடப் போகிறேன் என்கிறாய். விடாதே. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படி.

இந்தக் கோபம் உனக்கு மட்டும் வந்ததில்லை. 2003 ஜனவரியில் அந்தப் பாகம் வந்தபோது நாங்கள் எல்லோரும் கொதித்தோம். அப்போதைய நிலைமையை நீ தெரிந்துகொள்ள வேண்டும். முதல் பாகமும் இரண்டாம் பாகமும் 1990இல், ஒரே ஆண்டில் வந்தவை. 1994க்குள் ஆறு பாகங்கள் வந்துவிட்டன. ஆண்டுக்கு ஒன்று என்று எங்களைப் பழக்கியிருந்தார் மனிதர். பிறகு 1996, 1998, 2000 என்று இடைவெளி வளர்ந்தது. வாராவாரம் தொடர்கதை படித்தவர்களுக்கே அடுத்த இதழ் வரும்வரை இருப்புக்கொள்ளாது. நாங்களோ இரண்டு வருஷத்துக்கு மேல் காத்திருந்தோம். அதுவும் எப்படிப்பட்ட முடிவுக்குப் பிறகு! ஒன்பதாம் பாகத்தின் கடைசியில் கதாநாயகன் ரான்டும் மந்திரம் அறிந்த நைனேவும் சேர்ந்து, ஆண்களின் மந்திர சக்தியில் மூவாயிரம் ஆண்டுகளாகப் படிந்திருந்த நஞ்சைக் கழுவுகிறார்கள். உலகமே புரண்டு படுக்கிற சம்பவம். அதை மூடி வைத்துவிட்டு இனி என்ன ஆகும் என்று தவித்தவர்கள் கையில்தான் பத்தாம் பாகம் வந்து சேர்ந்தது.

அதில் ஜோர்டன் என்ன செய்தார்? காலத்தைப் பின்னால் இழுத்தார். அந்த நாளில் ரான்டின் ஊர்த் தோழர்கள் மாட் எங்கே இருந்தான், பெரின் எங்கே இருந்தான், இளவரசி எலேய்ன் என்ன செய்துகொண்டிருந்தாள், கலகம் செய்யும் மந்திரக்காரிகளின் தலைவி எக்வீன் முகாமில் யார் என்ன பேசினார்கள் என்று ஒவ்வொருவராகக் காட்டினார். தூரத்தில் ஏதோ பிரம்மாண்டமான சக்தி வெடித்துக் கிளம்புவதை மந்திரம் அறிந்தவர்கள் எல்லோரும் உணர்கிறார்கள், என்னவென்று தெரியாமல் நடுங்குகிறார்கள், ஊகிக்கிறார்கள். நமக்கோ அது என்னவென்று முன்பே தெரியும். விடை தெரிந்த விடுகதையை நாலு பேர் மாறி மாறி யோசிப்பதை எவ்வளவு நேரம் பார்ப்பது? ரான்ட் வருவதும் மிகக் குறைவு. கட்டமைப்பில் இது பெரிய குறைதான், அதை நான் மறுக்கவே மாட்டேன். ஆன்டோர் நாட்டுச் சிம்மாசனத்துக்காக எலேய்ன் பிரபுக்களைக் கணக்குப் பார்க்கிற அத்தியாயங்களை மறுவாசிப்பில் நானும் தாண்டித்தான் போகிறேன்.

ஆனால் ‘ஒன்றுமே நடக்கவில்லை’ என்று நீ எழுதியிருக்கிறாயே, அங்கேதான் உன்னோடு சண்டை போட வேண்டியிருக்கிறது. பெரினை எப்படி மறந்தாய்?

ஒன்பதாம் பாகத்தின் தொடக்கத்தில் அவன் மனைவி ஃபெயிலை ஷைடோ என்கிற போர்க்குலத்தார் பிடித்துக்கொண்டு போகிறார்கள். பத்து முடிந்தும் அவள் மீளவில்லை. அதனால் வந்த எரிச்சல் எனக்கும் இருந்தது. ஆனால் சோ ஹாபர் என்கிற ஊருக்குத் தானியம் வாங்கப் போகிறானே, அந்த இடத்தை இன்னொரு முறை எடுத்துப் படி. அழுக்கேறிய ஆட்கள், ஆவிகள் உலாவுகிற தெரு, மூட்டையைப் பிரித்தால் வண்டு. படைக்குச் சோறு வேண்டும், வேறு வழியில்லை, அந்த வண்டு விழுந்த தானியத்தைப் புடைத்துச் சுத்தம் செய்து எடுத்துப்போக வேண்டியிருக்கிறது. பெரின் அங்கே நின்று பார்க்கிறான். ஒவ்வொரு நாழிகையும் ஃபெயிலை விட்டு விலகிப்போகிற நாழிகை. இந்தப் பாகத்தில் நாம் படுகிற அவஸ்தை அத்தனையும் பெரின் படுகிற அவஸ்தைதான். வேகமாக எழுதியிருந்தால், அடுத்து அவன் செய்வதை நாம் நம்பியிருக்க மாட்டோம்.

அடுத்து அவன் செய்வது என்ன? பிடிபட்ட ஷைடோ வீரர்கள் எந்தச் சித்திரவதைக்கும் வாய் திறக்காதவர்கள். நம் பெரின், யாருக்கும் அடிபட்டுவிடக் கூடாதே என்று சின்ன வயதிலிருந்து பார்த்துப் பார்த்து நடந்தவன், கோடரியை எடுத்து ஒருவனுடைய கையைத் துண்டிக்கிறான். பேசாவிட்டால் மிச்சத்தையும் வெட்டிப்போட்டு, பிச்சை எடுத்துப் பிழைக்கும்படி உயிரோடு விட்டுவிடுவேன் என்கிறான். பிறகு அந்தக் கோடரியை மரத்தில் வீசிவிட்டுப் போய்விடுகிறான். அவ்வளவுதான் காட்சி. எனக்கு உடம்பெல்லாம் பதறியது.

இப்போது முதல் பாகத்தை எடு. ஓநாய்களோடு திரியும் எல்யாஸ், அந்தக் கோடரியைப் பற்றி அவனிடம் ஒரு வார்த்தை சொல்கிறான். இதைப் பயன்படுத்த உனக்கு வெறுப்பு இருக்கிறவரை வைத்துக்கொள், வெறுப்பு போய்விட்ட நாளில் தூக்கி எறிந்துவிட்டு ஓடிவிடு என்கிற மாதிரி. அது 1990. எறிந்தது 2003இல். பதின்மூன்று ஆண்டு ஒரு வாக்கியத்தை மனசில் வைத்திருந்து, சரியான இடத்தில் பலிக்க வைத்த எழுத்தாளரைப் பார்த்து ‘பக்கம் நிரப்புகிறார்’ என்று எப்படிச் சொல்கிறாய்? மாட்டும் டுவானும் அந்த சர்க்கஸ் கூட்டத்தோடு போகிற பகுதி பிடித்தது என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். ஆனால் இந்தப் பாகத்தின் உயிர் பெரினிடம் இருக்கிறது என்பதுதான் என் கட்சி, அன்றைக்கும் இன்றைக்கும்.

இப்போது மகள் விஷயம். அவள் படித்துக்கொண்டிருப்பதும் இதே தொடர்தான்! ஒன்பதை முடித்த அன்று இரவே பத்தைத் தொடங்கினாள். முடித்ததும் எப்படி இருந்தது என்று கேட்டேன். "கொஞ்சம் மெதுவா போகுதும்மா, ஆனா நல்லாத்தான் இருக்கு" என்றாள், பதினொன்றை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நாங்கள் மாதக்கணக்காக வாதம் செய்த புத்தகம், அவளுக்கு ஒரு மழைக்கால அத்தியாயம் மாதிரி கடந்து போய்விட்டது. எழுத்து மாறவில்லை. காத்திருப்பு இல்லாததால் புத்தகம் மீது எதிர்பார்ப்பின் கடன் ஏறவில்லை. நீயும் காத்திருக்க வேண்டியதில்லையே, தோழி. பிறகு எதற்கு எங்கள் காலத்துக் கோபத்தை நீ சுமக்கிறாய்?

அந்தக் காலத்துக் கோபத்தை நான் தப்பென்று சொல்லவில்லை. வந்த உடனே விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்குப் போன புத்தகம் அது. திட்டியவர்கள் அத்தனை பேரும் வாங்கிப் படித்துவிட்டுத் திட்டியவர்கள்தான். பிரியம் இல்லாதவன் இவ்வளவு கோபப்பட மாட்டான். பதினொன்றுக்காகக் காத்திருந்த எங்களுக்கு 2004இல் முன்கதை ஒன்று வந்தது, அதற்கும் முணுமுணுத்தோம். 2005இல் ‘நைஃப் ஆஃப் ட்ரீம்ஸ்’ வந்தது. அடுத்த ஆண்டே தனக்கு அரிய இதய நோய் என்று ஜோர்டன் அறிவித்தார். 2007 செப்டம்பர் 16 அன்று போய்விட்டார், ஐம்பத்தெட்டு வயதில். கடைசிக் காட்சியை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார். அவருடைய மனைவி ஹாரியட், அவர்தான் தொடருக்கு எடிட்டரும்கூட, மிச்சக் கதையை எழுதி முடிக்க எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சனைத் தேர்ந்தெடுத்தார். ஒரே பாகமாக முடிய வேண்டியது மூன்றாக விரிந்து 2013இல் நிறைவுற்றது. ஜோர்டன் இறந்த செய்தி வந்த நாளில் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது பெரினும் சோ ஹாபரும்தான். எங்களுக்கு ‘இழுக்கிறார்’ என்று பட்ட பக்கங்கள், அவர் தன் கையால் எழுதிய கடைசிப் பக்கங்களில் சேர்ந்துவிட்டன. இனி அப்படி ஒரு பக்கம் கிடைக்காது.

பெரிய தொடர்கள் எல்லாவற்றுக்கும் இந்தக் கண்டம் உண்டு என்று நினைக்கிறேன். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் தன்னுடைய ‘எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்’ தொடரில் 2005இல் நாலாம் பாகத்தைப் பாத்திரங்களின்படி பிரித்தார். முக்கியப் பாத்திரங்களான டிரியனும் ஜானும் டெனேரிஸும் எங்கே என்று வாசகர்கள் தேடினார்கள், அந்த மூவரும் 2011இல் ஐந்தாம் பாகத்தில்தான் முழுசாக வந்தார்கள். இன்று புதிதாகப் படிக்கிறவர்கள் பலர் இரண்டு பாகத்தையும் கலந்து கால வரிசையில் படிக்கிறார்களாம். பத்தாம் பாகத்துக்கு அப்படி வழி இல்லை, பரவாயில்லை.

பதினொன்றைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்ல மாட்டேன். என் பிரதியை மகள் முடித்த கையோடு அனுப்பி வைக்கிறேன். பின்னட்டையைப் படிக்காதே, அதில் இருப்பதே அதிகம். ஒன்று மட்டும் செய். எக்வீன் பிடிபடுவதோடு பத்து முடிகிறதல்லவா, அவள் இனி என்ன செய்வாள் என்று நீ நினைப்பதை, புத்தகத்தைப் பிரிப்பதற்கு முன்னால் எழுதி அனுப்பு. என் மகளும் அவளுடைய ஊகத்தை எழுதித் தந்திருக்கிறாள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அம்மாவைப் பார்த்துக்கொள். உடனே பதில் போடு.

என்றும் உன்,
பழைய தோழி