மருத்துவரிடம் நீ சொல்ல வேண்டியது

அன்புள்ள மலருக்கு,

அப்பா எழுதுவது. இங்கு மழை போதுமான அளவு பெய்து கொல்லைக் கிணறு நிறைந்துவிட்டது. மூன்று ஞாயிறாக மாப்பிள்ளை மட்டுமே பேசுகிறார். கால் எப்படி இருக்கிறது என்று கேட்டால், நன்றாக இருக்கிறாள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். வீக்கம் வடிந்த பிறகு மாத்திரை எதற்கு என்று நீ சித்தியிடம் கேட்டதாக அறிந்தேன்.

வீக்கம் வடிந்ததாலேயே காலில் இரத்தம் உறைந்து உண்டான உறைகட்டி கரைந்துவிட்டது என்று பொருளல்ல. நீ விழுங்கும் வார்ஃபரின் மாத்திரை கட்டியைக் கரைப்பதில்லை. அது மேலும் வளராமல் தடுக்கிறது, அவ்வளவே. கரைப்பது உன் உடம்பு. சிறுமியாக என் மேசையருகே நின்று, இரத்தம் உறைந்துவிட்டதா என்று நான் கண்ணாடிக் குழாயைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கையில் நிமிடங்களை எண்ணிச் சொல்வாயே, நினைவிருக்கிறதா? காயம்பட்ட இடத்தில் முதலில் தட்டணுக்கள் ஒட்டிக் குவிகின்றன. பிறகு த்ராம்பின் என்னும் நொதி, இரத்தத்தில் கரைந்திருக்கும் ஃபைப்ரினோஜனை ஃபைப்ரின் இழைகளாக்க, அவை வலையாகப் பின்னிச் சிவப்பணுக்களையும் பிடித்துக்கொள்கின்றன. அந்த வலையை அறுக்கப்போகும் பிளாஸ்மினோஜனும் பின்னும்போதே உள்ளே சிக்கிக்கொள்கிறது என்பது, 31 ஆண்டுகள் ஆய்வகத்தில் இருந்தும் எனக்கு வியப்புத் தீராத செய்தி. இரத்தக்குழாய்ச் சுவர் சுரக்கும் ஒரு பொருள் அதைப் பிளாஸ்மினாக்க, பிளாஸ்மின் இழை இழையாக அறுக்கிறது. அப்படி அறுந்த துணுக்குகளைத்தான் உனக்கு டி-டைமர் என்று அளந்தார்கள். கால் ஆழ்சிரையில் இந்த வேலை முடிய வாரங்கள், மாதங்கள்கூட ஆகும். அதுவரை மாத்திரையை விடாதே.

இரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் எண் 2-க்கும் 3-க்கும் இடையில் நிற்க வேண்டும். கீரையை விலக்க வேண்டாம். ஒரு வாரம் அள்ளி உண்டு மறுவாரம் அடியோடு விடுவதுதான் கூடாது, ஏனெனில் அதிலுள்ள வைட்டமின் கே மாத்திரைக்கு எதிராக நிற்கும். அத்தனை பேரை வழிநடத்துகிறாய் என்று தெருவெல்லாம் பெருமையாகச் சொல்லித் திரிகிறேன். உனக்கோ இரத்தப் பரிசோதனைக்கு அரைமணி நேரம் கிடைப்பதில்லை.

வேறு நல்ல காரணம் இருந்து மாத்திரையை நிறுத்த நினைத்தால், அதையும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல். வார்ஃபரின் கருவைப் பாதிக்கும். அதற்குப் பதிலாகப் போடும் ஹெப்பாரின் ஊசி நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையிடம் போகாது. நீயாக நிறுத்தாதே. இதற்குமேல் தகப்பன் கேட்பது முறையல்ல.

மலர், குடும்பத்தில் யாருக்கேனும் இப்படி இருந்ததா என்று அங்கே கேட்டபோது இல்லை என்றே சொல்லியிருப்பாய். நான் உனக்கு அப்படித்தான் சொல்லி வைத்திருந்தேன். இடுப்பு அறுவைக்குப் பின் வீடு திரும்பிய அம்மாவுக்கு இடது காலில் மட்டும் வீக்கம் கண்டது. நீர் கோத்திருக்கிறது என்று சொல்லி இரண்டு இரவு தைலம் காய்ச்சி நானே நீவிவிட்டேன். நீர் என்றால் பெரும்பாலும் இரு காலிலும் வரும்; ஒரு கால் மட்டும் வீங்கினால் ஐயப்பட வேண்டும் என்பது நான் அறியாததல்ல. மூன்றாம் நாள் விடியற்காலையில் மூச்சு முட்டியது. நுரையீரலில் உறைகட்டி அடைத்திருக்கும் என்றுதான் மருத்துவர் சொன்னார். மாரடைப்பு என்று உனக்கும் ஊருக்கும் சொன்னவன் நான்.

அடுத்த முறை போகும்போது இதை அப்படியே மருத்துவரிடம் சொல். ஐஎன்ஆர் எண்ணை மட்டுமாவது எனக்கு எழுது.

அப்பா